சனிக்கிழமை ரிப்பேர்

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்கம்மா, எனக்கு வேணாம். ஆறு வருஷமா இந்த ரோட்டைப் பாத்தாச்சு. பச்சை, ஆடு. பச்சை, ஆடு. மழை பெஞ்சா ஆடு தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நர்ஸ்தானே? கேக்கவே வேணாம். ஃபைலை மடியில வச்சு ரெண்டு கையாலயும் புடிச்சிருக்கிறதுலயே தெரியுது. நானும் இப்படித்தான் டப்ளின் ஏர்போர்ட்ல வந்து எறங்கினேன். எந்த ஊரு? பெரம்பலூரா! அட, நமக்குத் திருச்சி. பாலக்கரை. அப்ப நீன்னே கூப்பிடறேன், தப்பா எடுத்துக்காத. என் பேரு ஜெயசீலி. நீ கால்வே வரைக்கும் போகணும், நான் அதுக்கு முன்னாடி அத்லோன்ல எறங்கிடுவேன். நேரம் கெடக்கு.

வீட்டுக்காரர் எப்ப வர்றாரு? மூணு மாசம் கழிச்சா? வந்துடுவாரு, கவலைப்படாத. அங்க என்ன பண்றாரு? போட்டோ ஸ்டுடியோவா, சொந்தமாவா? ம். சரி. பாட்டு, கிடார், அந்த மாதிரி ஒண்ணும் இல்லையே? நல்லது. போட்டோ சத்தம் போடாது.

ஏன் கேக்கறேன்னா, எங்க வீட்டுக்காரர் கிடார் வாசிப்பாரு. அவரோட ஆம்ப்ளிஃபயரை ரிப்பேர் பண்ண இந்த ஊர்ல நான் பட்ட பாடு இருக்கே, அதை யார்கிட்டயாவது சொல்லணும். கூட வேலை பாக்கற மலையாளிப் பொண்ணுங்க எல்லாரும் ரெண்டு ரெண்டு தடவை கேட்டு முடிச்சிட்டாங்க. நீ புதுசு.

அவரு பேரு அமலதாஸ். திருச்சிப் பக்கம் மெல்லிசைக் குழுக்காரங்ககிட்ட 'கிடார் தாஸ்'னு கேட்டா சொல்லுவாங்க. பதினெட்டு வருஷம் வாசிச்சாரு. கல்யாண ரிசப்ஷன், மாரியம்மன் கோயில் திருவிழா, மாதா கோயில் கொடியேத்தம், கட்சி மாநாடு, யாரு கூப்பிட்டாலும் போவாரு. நான் ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரியில இருந்தேன். எங்களுக்குப் பிள்ளைங்க இல்ல. அது வேற கதை, அதுக்கு இந்த பஸ் பத்தாது.

நான் வந்து ஒரு வருஷம் கழிச்சு அவரைக் கூப்பிட்டேன். வந்தாரு. ஏன், எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல. கிடாரை லக்கேஜ்ல போட மாட்டேன்னு சென்னை ஏர்போர்ட்ல மட்டும் சண்டை போட்டாராம். அவரு சண்டை போட்டு நான் பாத்ததே இல்ல, அதுலயும் நான் பக்கத்துல இல்ல.

இங்க அவருக்குக் காளான் பண்ணையில வேலை கெடச்சுது. அடுக்கடுக்கா மண்ணு, இருட்டு, ஈரம். விடியக்காலம் அஞ்சு மணிக்கு வேன் வந்து கூட்டிட்டுப் போகும், மத்தியானம் ரெண்டு ரெண்டரைக்குக் கொண்டாந்து விடும். காளானை நசுக்காம, தண்டு உடையாம திருகி எடுக்கணும். முதல் மாசமே சூப்பர்வைசர் சொன்னானாம், 'தாஸ், உன் விரல் மாதிரி இங்க யாருக்கும் ஓடாது'ன்னு. அவரு வந்து சொன்னப்ப எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? பாத்தீங்களா, பதினெட்டு வருஷ அனுபவம் வீணாப் போகலன்னு சொன்னேன். அவரு போய்க் கையைக் கழுவினாரு. அவரு கொஞ்சம் அமைதியான ஆளு.

ஆம்ப் எப்படி வந்துச்சுன்னா, எங்க தெருவுல ஒரு குடும்பம் ஆஸ்திரேலியா போறாங்கன்னு வீட்டுச் சாமானை எல்லாம் வாசல்ல போட்டு வித்தாங்க. நான் இஸ்திரிப் பெட்டி பாக்கப் போனேன். அவரு கூட வந்தவரு ஒரு கறுப்புப் பெட்டி முன்னாடி குத்த வச்சு உக்காந்துட்டாரு. வால்வு ஆம்ப்பாம். பழைய ரேடியோவுல இருக்குமே கண்ணாடிக் குழாய், அது உள்ள நாலு இருக்கும். சூடேறினாத்தான் பாடும். ஒரு சின்ன ஃபிரிட்ஜ் அளவு, தூக்கினா இடுப்பு போயிடும். 'சீலி, இதை வாங்கிக்கவா'ன்னாரு. இந்த அஞ்சு வருஷத்துல அவரு வாயத் தொறந்து கேட்ட ஒரே சாமான் அதுதான். வாங்கிக்கங்கன்னேன். நான் குறுக்க நிக்கிற ஆளு இல்ல.

ஹால்ல இயேசுவோட திரு இருதயப் படத்துக்குக் கீழ வச்சாரு. மறுநாள் மத்தியானம் போட்டாரு பாரு, நான் கட்டில்ல எந்திரிச்சு உக்காந்துட்டேன். எனக்கு எப்பவும் நைட் டூட்டிம்மா. முதியோர் இல்லத்துல முப்பத்தெட்டுப் பேரு, ராத்திரி ரெண்டே நர்ஸு. காலையில எட்டு மணிக்கு வந்து விழுந்தா சாயங்காலம் வரைக்கும் எந்திரிக்கக் கூடாது. ஆனா நான் அவரை ஒண்ணும் சொல்லல. சத்தத்தைக் கொறைங்கன்னு மட்டும்தான் சொன்னேன்.

கொறைச்சாரு. அந்தத் திருகுல பத்து வரைக்கும் நம்பர் இருக்கு. மூணுல வச்சிருந்ததை ரெண்டாக்கினாரு. அப்பவும் செவுத்துல பட்டு வந்துச்சு. இன்னும் கொஞ்சம்னேன். ஒண்ணுக்கு வந்துச்சு. ஒண்ணுல என்ன ஆச்சுன்னா, கிடாரை விட அந்தப் பெட்டியோட 'ம்ம்ம்'ங்கிற சத்தம்தான் பெருசா இருந்துச்சு. அதுக்கு மேல ஒரு கம்பளி போட்டுப் பாத்தேன். அப்புறம் அவரே ஒயரைச் சொருகாம சும்மா வாசிக்க ஆரம்பிச்சாரு. அதுவும் டொக்கு டொக்குன்னு கேக்கும். அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. கதவைச் சாத்திக்கங்கன்னு மட்டும்தான் சொன்னேன்.

இது நடந்துட்டிருக்கறப்ப தமிழ்ச் சங்கத்துல பொங்கல் விழா வந்துச்சு. அத்லோன், பக்கத்து ஊரெல்லாம் சேத்து நாப்பது குடும்பம் இருக்கோம். சர்ச் ஹால்ல நடத்துவாங்க. செயலாளர் வீடு தேடி வந்து, 'அண்ணே, நீங்க கிடார் தாஸாமே, சொல்லவே இல்லையே, மேடையில ஒரு பத்துப் பாட்டு வாசிங்க'ன்னாரு. இவருக்கு மொகத்துல ரத்தம் ஏறிடுச்சு. ஒரு மாசம் பிராக்டிஸ். ஒயர் சொருகாமத்தான். சட்டையை அவரே இஸ்திரி போட்டாரு.

முதல் பாட்டு நல்லாப் போச்சு. ரெண்டாவதும் போச்சு. மூணாவது பாட்டு பாதியில கரகரன்னுச்சு, ஒரு தடவை பொட்டுன்னு வெடிச்ச மாதிரி கேட்டுச்சு, அப்புறம் ஒண்ணுமே இல்ல. அவரு விரல் ஓடிட்டே இருக்கு, சத்தம் இல்ல. மீன் தொட்டியில மீன் வாயத் தொறந்து மூடுமே, அது மாதிரி. ஒயரைப் புடுங்கிச் சொருகினாரு. பெட்டியைத் தட்டினாரு. ஆறினப்புறம் வந்துச்சு, நாலு நிமிஷத்துல மறுபடியும் போச்சு. கூட்டத்துல யாரோ போனை மைக்குகிட்ட வச்சு ஒரு குத்துப் பாட்டைப் போட்டுட்டாங்க. குழந்தைங்க எல்லாம் மேடையில ஏறி ஆட ஆரம்பிச்சிடுச்சு. இவரு ஓரமா நின்னு ஒயரைச் சுத்திட்டிருந்தாரு. ஒரே ஒயரை எவ்வளவு நேரம் சுத்துவாங்க? சக்கரைப் பொங்கல் தீந்து போற வரைக்கும் சுத்தினாரு.

அதுக்கப்புறம் ஆளு ஒடுங்கிட்டாரு. சோறு போட்டா சாப்பிடுவாரு, போடலன்னா கேக்க மாட்டாரு. வேன் வரும், போவாரு, வருவாரு. கிடார் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டாரு. ராத்திரியெல்லாம் நான் வயசானவங்களைப் பாத்துக்கறவ, எனக்குத் தெரியாதா? ஒருத்தர் செவுத்தைப் பாத்து உக்காந்தா அது நல்லதுக்கு இல்ல. இந்த ஆம்பை ரிப்பேர் பண்ணாம விடறதில்லன்னு நானே கெளம்பினேன்.

திருச்சியா இருந்தா சிங்காரத்தோப்புல ஒரு ரிப்பேர் கடையில குடுத்தா போதும். டீ ஆறுறதுக்குள்ள தொறந்து, ஊதி, ஈயத்தை ஒத்தி மூடிக் குடுத்துடுவான். இங்க மூணு கடை ஏறி எறங்கினேன். ஒருத்தன் 'தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க'ன்னான். இன்னொருத்தன் டப்ளினுக்கு அனுப்பணும்னான். மூணாவது கடையில ஆம்ப்னா என்னன்னு என்கிட்டயே கேட்டாங்க. கடைசியில எங்க இல்லத்துல ஒரு பாட்டியோட மகன்தான் சொன்னாரு: டயர் கடைக்குப் பின்னாடி சந்துல டோனல்னு ஒருத்தர் இருக்காரு, டி.வி., ரேடியோ எல்லாம் பாப்பாரு, அவர்கிட்டக் கொண்டு போங்கன்னு.

எங்ககிட்டக் காரு இல்ல. இல்லத்துல பழைய வீல்சேர் ஒண்ணு கழிச்சுப் போட்டிருந்துச்சு, அதைக் கேட்டு வாங்கினேன். ஆம்பைத் தூக்கி வச்சு, மழை படாம மேல ஒரு போர்வை போத்தி, விழுந்துடக் கூடாதுன்னு பெல்ட்டும் போட்டேன். நான் தள்ளறேன், அவரு குடை புடிக்கறாரு. பாலத்து மேல போறப்ப ஒரு கெழவி எதுக்க வந்து, போர்வையப் பாத்து, 'இன்னிக்கு எப்படி இருக்காரு?'ன்னு கேட்டுச்சு. பரவால்லங்க, டாக்டர்கிட்டதான் போறோம்னேன். 'கடவுள் துணை'ன்னு போயிடுச்சு. எங்க வீட்டுக்காரர் பொங்கலுக்கப்புறம் முதல் தடவையா அன்னிக்குத்தான் சிரிச்சாரு. மழையில எதுக்குச் சிரிக்கறீங்க, குடையை நேராப் புடிங்கன்னேன்.

டோனல் இருக்காரே, அறுபது வயசு இருக்கும். ஆளு பெரிய உருவம், ஸ்வெட்டர்ல முழங்கைகிட்ட ஓட்டை. ரெண்டு காதுலயும் மெஷின். காது கேக்காத ஆளு ஆம்ப் ரிப்பேர் பண்றாருன்னா எனக்கு எப்படி இருக்கும், சொல்லு. நான் கத்திப் பேசினேன். அவரு, 'கத்தாதீங்கம்மா, மெஷின் வேலை செய்யுது'ன்னாரு.

ஒயரைச் சொருகிப் போட்டாரு. பத்து நிமிஷம், இருவது நிமிஷம், ஒரு மணி நேரம். ஆம்ப் தங்கம் மாதிரி பாடுது! கோளாறே இல்லம்மான்னு குடுத்துட்டாரு. வீட்டுக்கு வந்து போட்டா பத்தாவது நிமிஷம் அவுட்டு. மறுபடியும் வீல்சேர், மறுபடியும் பாலம். அங்க போனா மறுபடியும் பாடுது. நம்ம நோயாளிங்க இல்லையா, ராத்திரி பூரா மூச்சு முட்டுதுன்னு நம்ம உசிரை எடுத்துட்டு, காலையில டாக்டர் வந்து கேட்டா 'எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்'னு சிரிக்கும். அதே புத்தி இந்தப் பெட்டிக்கு.

மூணாவது தடவை போனப்ப டோனல் தலையைச் சொறிஞ்சிட்டு, 'ஆம்பையும் கிடாரையும் இங்கயே விட்டுட்டுப் போங்க, வாசிச்சுப் பாத்துடலாம்'னாரு. எத்தனை நாள் ஆகும்னு கேட்டேன். 'கிராண்ட்'னாரு. இதை நீ தெரிஞ்சுக்கணும். இந்த ஊர்ல எதுக்கெடுத்தாலும் கிராண்ட்ம்பாங்க. பிரமாதம்னு நெனைச்சுக்காத. பரவால்ல, பாக்கலாம், என்னை விட்டுடு, எல்லாத்துக்கும் அதே வார்த்தைதான். அது செப்டம்பர் மாசம்.

அதுக்கப்புறம் ஆரம்பிச்சுது என் தலைவலி. எங்க வீட்டுக்காரர் சனிக்கிழமை சனிக்கிழமை போய்க் கேட்டுட்டு வருவாரு. ரெடியாச்சான்னா, இல்லம்பாரு. என்னவாம்னா, இன்னும் பாக்கறாராம். அடுத்த வாரம், ஏதோ பார்ட் வரணுமாம். அக்டோபர் போச்சு. நவம்பர் போச்சு. காலையில பதினோரு மணிக்குப் போனாருன்னா அஞ்சு மணிக்குத்தான் திரும்பறாரு. ரெடியாச்சா இல்லையான்னு கேக்க எதுக்குங்க ஆறு மணி நேரம்னு கேட்டேன். 'கியூ இருக்கு சீலி'ன்னாரு. இருக்கும்னு நெனைச்சேன். அந்த டோனலுக்கு வேலையே ஓடாது, கியூ நிக்காம என்ன பண்ணும்?

ஆனா ஒரு நல்ல விஷயம் நடந்துச்சு. அந்த அக்டோபர்லதான் நான் அவருக்கு வாராவாரம் ஞாயித்துக்கிழமை ஒரு வைட்டமின் டி மாத்திரை குடுக்க ஆரம்பிச்சேன். இங்க வெயில் கெடையாதும்மா, மனசு அப்படியே இருண்டுடும். ஒரே மாசத்துல ஆளே மாறிட்டாரு! ரெண்டாவது தடவை சோறு கேக்கறாரு. குளிக்கறப்ப சீட்டி அடிக்கறாரு. வெள்ளிக்கிழமை ஆனா மொகத்துல ஒரு தெளிவு. மாத்திரை ரத்தத்துல சேர அஞ்சு நாள் ஆகும், அதனாலதான் வெள்ளிக்கிழமை. உங்க வீட்டுக்காரர் வந்ததும் குடு, மறக்காத. மீன் எண்ணெய் வேணாம், வைட்டமின் டி.

டிசம்பர் வந்துடுச்சு. ஜனவரியில அடுத்த பொங்கல் விழா. போன வருஷம் நாப்பது குடும்பத்துக்கு முன்னாடி தலை குனிஞ்ச மனுஷன் இந்த வருஷம் நிமிந்து நிக்கணும், அதுக்கு ஆம்ப் கைக்கு வரணும். இந்தக் காதுகேக்காத ஆளு மூணு மாசமா எங்களை ஏமாத்தறான். இவரோ வாயில்லாப் பூச்சி. நான்தான் போய்க் கேக்கணும்னு முடிவு பண்ணேன். ஒரு சனிக்கிழமை டூட்டி முடிச்சு வந்து படுக்கவே இல்ல. அவரு பதினோரு மணிக்குக் கெளம்பினாரு. நான் மத்தியானம் கோட்டு மாட்டிட்டுக் கெளம்பினேன். வழியெல்லாம் இங்கிலீஷ்ல என்னென்ன கேக்கணும்னு சொல்லிப் பாத்துட்டே போனேன்.

சந்து முனையில திரும்பறப்பவே ஒரு சத்தம் கேட்டுச்சு. ரேடியோன்னு நெனைச்சேன். நம்ம ஆர்மோனியம் மாதிரி ஒண்ணு, நெஞ்சுல கட்டி இழுத்து இழுத்து வாசிப்பாங்களே, அக்கார்டியன், அந்தச் சத்தம். கூடவே கிடார். இந்த ஊர்க்காரங்க பாட்டு, குதிரை ஓடற மாதிரி வேகமாப் போகுது. அதுக்குள்ள கிடார் ஒவ்வொரு அடி முடிவுலயும் ஒரு இழுப்பு இழுக்குது. சின்ன இழுப்புதான். கேட்டதும் எனக்குக் கால் நின்னுபோச்சு. அந்த இழுப்பு அவருது. கல்யாணத்துக்கு முன்னாடி அந்தோணியார் கோயில் திருவிழாவுல, அவரு யாருன்னு தெரியாமலே, நான் மேடையைத் திரும்பிப் பாத்தது அந்த இழுப்புக்குத்தான். அதை நான் கேட்டு வருஷக் கணக்காச்சு. இத்தனைக்கும் ஒரே வீட்டுலதான் இருக்கோம்.

கதவைத் தள்ளிட்டு உள்ள போனேன். டோனல் அக்கார்டியனைக் கட்டிட்டு உக்காந்திருக்காரு, காது மெஷின் ரெண்டும் மேசை மேல கெடக்கு. டயர் கடைக்காரர் ஒரு டயர் மேல, தபால் குடுக்கற அம்மா இன்னொரு டயர் மேல, கீழ ஒரு நாய். எங்க வீட்டுக்காரர் நடுவுல நிக்கறாரு, கண்ணை மூடிட்டு. பக்கத்துல நம்ம ஆம்ப். மூடி எல்லாம் போட்டு, தொடைச்சு, பளபளன்னு. நான் முதல்ல பாத்தது அந்தத் திருகைத்தான். ஆறுல இருந்துச்சு. ஆறு!

நாய் கொரைச்சுது. அவரு கண்ணைத் தொறந்தாரு. வாசிச்ச கை அப்படியே நின்னுடுச்சு.

'சீலி, நீ தூங்கலயா?'ன்னாரு.

நான் டோனலைப் பாத்து, இது எப்ப ரெடியாச்சுன்னு கேட்டேன். அவரு மெதுவா மெஷினை எடுத்து ஒரு காதுல மாட்டினாரு, இன்னொரு காதுல மாட்டினாரு. மறுபடியும் கேட்டேன்.

'அக்டோபர் முதல் வாரம். சின்னக் கோளாறுதான். உள்ள ஒரு எடத்துல ஈயம் விட்டிருந்துச்சு. சூடானா விலகும், ஆறினா ஒட்டிக்கும். என் கடை குளிரு, இங்க சூடே ஆகல. போர்வையப் போத்தி விட்டேன், அரை மணி நேரத்துல ஒத்துக்கிச்சு.'

அப்புறம் ஏங்க குடுக்கலன்னு கேட்டேன்.

டோனல் எங்க வீட்டுக்காரரைப் பாத்தாரு. இவரு தரையைப் பாத்தாரு. டயர் கடைக்காரர் எந்திரிச்சு, டயர் வேலை இருக்குன்னு போயிட்டாரு. தபால்காரம்மாவும் போயிடுச்சு. நாய் மட்டும் இருந்துச்சு.

டோனல் சொன்னாரு: 'ரெடின்னு இவர்கிட்ட அன்னிக்கே சொன்னேன்ம்மா. வேற ஏதாவது கோளாறு இருக்கான்னு பாருங்கன்னாரு. பாத்தேன், இல்லன்னேன். இன்னும் நல்லாப் பாருங்கன்னாரு. அதான், நல்லாப் பாத்துட்டிருக்கேன்.'

நான் வழியெல்லாம் சொல்லிப் பாத்த இங்கிலீஷ் ஒண்ணும் வாயில வரல. தமிழ்லதான் கேட்டேன், எங்க வீட்டுக்காரரைப் பாத்து. ஏங்க, இதை வீட்டுல வாசிக்கக் கூடாதுன்னு நான் எப்பவாவது சொன்னேனா?

யோசிச்சாரு. நெஜமாவே யோசிச்சாரு, அவரு பொய் சொல்ல மாட்டாரு. 'இல்ல சீலி. நீ அப்படிச் சொன்னதே இல்ல'ன்னாரு.

பாத்தியா? அவரு வாயாலயே சொன்னாரு.

டாக்சி வரவச்சு ஆம்பையும் கிடாரையும் வீட்டுக்குக் கொண்டு வந்துட்டேன். டோனல்தான் தூக்கி வச்சாரு. திரு இருதயப் படத்துக்குக் கீழ பழைய எடத்துலயே வச்சோம்.

வாசிங்கன்னேன். 'நீ தூங்கு சீலி, நைட்டு டூட்டி இருக்கு'ன்னாரு. மறுநாள் வாசிங்கன்னேன். ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு, தூங்க வேண்டியதில்ல, இப்ப வாசிங்கன்னேன். ஒயரைச் சொருகினாரு. திருகை ஒண்ணுல வச்சாரு. நான் சொல்லவே இல்ல, அவரா வச்சாரு. ரெண்டு நிமிஷம் வாசிச்சாரு, நிறுத்திட்டாரு. ஏன்னேன். 'போதும்'னாரு. நானே எந்திரிச்சுப் போய் ஆறுல வச்சேன். இன்னும் வாசிங்கன்னேன். ஆறுல வச்சு ஒரு அடி வாசிச்சாரு, அந்த இழுப்பு வரல. செவுத்தைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு, மறுபடியும் ஒண்ணுக்குக் கொண்டு வந்துட்டாரு.

பொங்கல் விழாவுக்குச் செயலாளர் வந்தாரு. இடுப்புப் புடிச்சிருக்குன்னு சொல்லிட்டாரு. விழாவுல ரெண்டாவது வரிசையில உக்காந்து எல்லாத்துக்கும் கை தட்டினாரு. சின்னப் பிள்ளைங்க திருக்குறள் சொன்னதுக்குக்கூடத் தட்டினாரு.

அப்புறம் பழையபடி ஆயிட்டாரு. போட்டா சாப்பிடறது. சனிக்கிழமை சோபாவுல உக்காந்து செவுத்தைப் பாக்கறது. எனக்கு மாத்திரை மேல சந்தேகம் வந்து டப்பாவைத் திருப்பித் தேதி பாத்தேன். தேதி எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. டோஸைக் கூட்டினேன். கேக்கல.

வீட்டுல சத்தமே இல்லம்மா. ஒரு சத்தமும் இல்ல. நான் காலையில வந்து படுத்தா ஃபிரிட்ஜ் ஓடறது கேக்கும், நிக்கறது கேக்கும். தூக்கம் வரணுமே? வரல. மத்தியானம் அவரு வேன்ல வந்து எறங்கி, ஷூவை வாசல்லயே கழட்டி, வெறும் கால்ல அடி மேல அடி வச்சு சமையக்கட்டுக்குப் போவாரு. தண்ணியைக்கூடக் கிளாஸ்ல ஓரமாச் சாய்ச்சு ஊத்துவாரு, சத்தம் கேக்கக் கூடாதுன்னு. நான் கண்ணை மூடிப் படுத்துக் கேட்டுட்டிருப்பேன். ஒருத்தர் சத்தம் போடாம இருக்க இவ்வளவு கஷ்டப்படறது எனக்கு அன்னிக்குத்தான் காதுல விழுந்துச்சு. எத்தனை வருஷமா இப்படி ஊத்தறாருன்னு நெனைச்சுப் பாத்தேன். தெரியல. நான் தூங்கிட்டிருந்திருக்கேன்.

ஃபிப்ரவரியில ஒரு வியாழக்கிழமை. காலையில டூட்டி முடிச்சு வந்தேன், அவரு பண்ணையில இருந்தாரு. டாக்சிக்குப் போன் பண்ணேன். டிரைவரும் நானும் ஆளுக்கு ஒரு பக்கம் புடிச்சு ஆம்பைத் தூக்கிப் போட்டு நேரா டோனல் கடைக்குப் போனோம். அவரு டீ குடிச்சிட்டிருந்தாரு. என்னைப் பாத்ததும் கப்பைக் கீழ வச்சுட்டு எந்திரிச்சு நின்னாரு. பயந்துட்டாருன்னு நெனைக்கறேன்.

'என்னம்மா, மறுபடியும் கோளாறா?'ன்னாரு.

ஆமான்னேன்.

'என்ன பண்ணுது?'

வீட்டுல வேலை செய்ய மாட்டேங்குதுன்னேன்.

அவரு ஆம்பைப் பாக்கல, என்னையே பாத்தாரு. ஒரு சீட்டு எடுத்து, கண்ணாடி போட்டு, பொறுமையா எழுதினாரு: 'வீட்டில் வேலை செய்வதில்லை.' தேதி போட்டாரு. என் பேரைக் கேட்டு எழுதிக்கிட்டாரு. ஒரு பக்கத்தைக் கிழிச்சு ஆம்ப் மேல ஒட்டினாரு.

'இது பாக்க நாளாகும்மா'ன்னாரு.

ஆகட்டும், அவசரம் இல்லன்னேன். நல்லாப் பாருங்கன்னேன்.

அந்தா பாலம் தெரியுது பாரு, அதுதான் எங்க ஊரு. என் பையைக் கொஞ்சம் எடுத்துக் குடு. முடிச்சுட்டு எறங்கிடறேன்.

அன்னிக்கு மத்தியானம் அவரு வந்தாரு. நான் படுக்கல, சமையக்கட்டுல உக்காந்திருந்தேன். ஷூவைக் கழட்டினாரு, ஹாலுக்குப் போனாரு. ஆம்ப் இருந்த எடம் காலியா இருக்கறதைப் பாத்து அங்கயே நின்னுட்டாரு. ரொம்ப நேரம் நின்னாரு. வித்துட்டேன்னு நெனைச்சிருப்பாரு போல, ஆனா கேக்கல.

நானே சொன்னேன். உங்க ஆம்ப் மறுபடியும் மக்கர் பண்ணுது, டோனல்கிட்டக் கொண்டு போய் விட்டிருக்கேன். நாளாகுமாம். அந்த ஆளை நம்ப முடியாது, நீங்கதான் சனிக்கிழமை சனிக்கிழமை போய்க் கேக்கணும்.

அவரு என் மொகத்தைப் பாத்தாரு. 'என்ன கோளாறாம்?'ன்னாரு.

எனக்கென்னங்க தெரியும், எல்லாம் உள்ள இருக்கிற ஒயர் விஷயம், நீங்களே கேட்டுக்கங்கன்னேன்.

தலையாட்டினாரு. கழட்டின ஷூவை மறுபடியும் மாட்டினாரு. கட்டிலுக்கு அடியில குனிஞ்சு கிடாரை இழுத்தாரு. பெட்டி தரையில கரகரன்னு தேய்ச்சிட்டு வந்துச்சு, தூக்கி எடுக்கணும்னு அவருக்குத் தோணல.

இன்னிக்கு வியாழக்கிழமைங்கன்னேன்.

'சும்மா ஒரு தடவை கேட்டுட்டு வந்துடறேன் சீலி'ன்னு சொல்லிட்டு, கதவைப் படார்னு சாத்திட்டுப் போனாரு.